சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு எங்கே, எதை, எப்போது கேட்பது: பினாங்குப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளைக்கு மூன்று வயதாகியும் பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்புவதில்லை. அல்லது இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் இன்னமும் எழுத்துக் கூட்டத் திணறுகிறாள். சந்தேகம் வந்துவிட்டது, ஆனால் எந்த ஆபிசுக்குப் போவது என்று தெரியவில்லை. இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

மலேசியாவில் இதற்கு மூன்று கதவுகள் இருக்கின்றன. ஒன்று சுகாதார அமைச்சின் கிளினிக்கும் மருத்துவமனையும். இரண்டாவது சமூகநல இலாகா, அதாவது ஜே.கே.எம். மூன்றாவது கல்வி இலாகா. மூன்றும் மூன்று அமைச்சுகளின் கீழ் இருப்பதால் ஓரிடத்தில் கொடுத்த பாரம் இன்னோரிடத்துக்குத் தானாகப் போய்ச் சேராது. டாக்டர் குறையைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதற்காக ஓகேயூ கார்டு, அதாவது ஜே.கே.எம். தரும் மாற்றுத்திறனாளி அட்டை, வீடு தேடி வராது. கார்டு கையில் இருப்பதால் மட்டும் பள்ளியில் இடம் கிடைக்காது. ஒன்று முடியட்டும், பிறகு அடுத்ததைப் பார்ப்போம் என்று இருந்தே பல குடும்பங்கள் ஒரு வருஷத்தைத் தொலைக்கின்றன. எவற்றை ஒரே நேரத்தில் தொடங்கலாம் என்பதைக் கீழே அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம்.

1. முதலில் கிளினிக் கெசிஹாத்தான்

பிள்ளையின் தடுப்பூசிப் புத்தகம் இருக்கிறதல்லவா, அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பக்கத்து அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். 18 மாதத்திலும் 3 வயதிலும் எம்-சாட் என்ற கேள்வித்தாளைப் பெற்றோர் நிரப்ப வேண்டும். ஆட்டிசத்துக்கான முதல் சல்லடை அது. எல்லாம் ‘ஆம், இல்லை’ கேள்விகள். வரிசையில் நின்றுகொண்டே, ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் பேனாவையும் பிடித்தபடி கடகடவென்று ‘ஆம்’ போட்டுவிட்டு வருவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

ஓர் உதாரணம். பிள்ளை விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்று இரண்டு விதமாகக் கேட்டிருப்பார்கள். பிஸ்கட் டின் வேண்டும் என்று கேட்பதற்காகச் சுட்டுவது ஒன்று. வானத்தில் போகும் விமானத்தை உங்களுக்குக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. டாக்டர் தேடுவது முக்கியமாக இரண்டாவதை. உங்கள் கையைப் பிடித்து இழுத்துப்போய் ஃபிரிட்ஜ் முன்னால் நிறுத்துவது சுட்டுவதில் சேராது. எந்தக் கேள்வியில் சந்தேகம் வந்தாலும் தாதியிடம் கேட்டுவிட்டு நிரப்புங்கள்.

குறித்த வயதில் கேள்வித்தாள் கிடைக்காமல் போனாலோ, பிள்ளை அந்த வயதைத் தாண்டிவிட்டாலோ, நீங்களாகவே டாக்டரைப் பார்க்கக் கேட்கலாம். கூப்பிடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. “ஆம்பளப் பையன், லேட்டாத்தான் பேசுவான்” என்று சொல்லும் பெரியம்மாவுக்குத் தலையை ஆட்டிவிட்டுக் கிளினிக்குக்குக் கிளம்புங்கள்.

போகும்போது ஒரு தாளில் எழுதி எடுத்துப் போக வேண்டியவை: எந்த வயதில் உட்கார்ந்தான், நடந்தான், முதல் சொல் எப்போது வந்தது, வந்த சொல் ஏதாவது பிறகு நின்றுபோனதா. கைப்பேசியில் இரண்டு மூன்று வீடியோவும் வைத்துக்கொள்ளுங்கள்: சாப்பிடும்போது, தனியாக விளையாடும்போது, அடம்பிடிக்கும்போது. டாக்டரின் அறையில் பத்து நிமிஷம் பிள்ளை சமர்த்தாக உட்கார்ந்துவிட்டால் சொல்ல வந்தது எடுபடாது.

2. மருத்துவமனை நிபுணர்

கிளினிக் டாக்டர் பரிந்துரைக் கடிதம் கொடுப்பார். தீவில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் ஜார்ஜ்டவுன் பினாங்கு மருத்துவமனை. செபராங் பிறையில் இருப்பவர்களுக்குச் செபராங் ஜெயா. குழந்தை நல நிபுணரின் அப்பாய்ன்மெண்ட் கிடைக்கப் பல மாதங்கள் ஆகலாம். இந்தப் பயணத்திலேயே நீளமான காத்திருப்பு இதுதான். அதனால்தான் கிளினிக்குக்கு முதலில் போகச் சொல்கிறோம். தேதி கிடைத்ததும் கவுண்டரில், யாராவது வராமல் போனால் அந்த இடத்தைத் தர முடியுமா என்று கேட்டு உங்கள் நம்பரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

காத்திருக்கும் நாளில் காது பரிசோதனையை முடித்துவிடுங்கள். பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காது கேட்கிறதா என்று உறுதி செய்யாமல் எந்த நிபுணரும் முடிவு சொல்ல மாட்டார். அந்த முடிவு கையில் இல்லாமல் போனால் இன்னொரு தேதி கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பள்ளிப் பிள்ளை என்றால் கண் பரிசோதனையும் சேர்த்து.

அரசாங்கச் சிகிச்சைக்குச் செலவு சொற்பம்தான்: பொதுக் கிளினிக்கில் 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்கில் 5 வெள்ளி என்ற கணக்கு. தனியாரில் ஒரு மணி நேரத் தெரப்பி நூறு வெள்ளிக்குக் குறைந்து கிடைப்பது அரிது. முழு மனவளர்ச்சி மதிப்பீட்டுக்கு ஆயிரத்தைத் தாண்டும். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் மதிப்பீட்டை மட்டும் தனியாரில் செய்து நேரத்தை மிச்சம் பிடிக்கலாம் என்பது எங்கள் கருத்து. தெரப்பியை அரசாங்க மருத்துவமனையிலேயே கேளுங்கள், ஏனென்றால் அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் போகும்.

தனியாருக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. “அசெஸ்மெண்ட் செய்து சர்டிபிகேட் தருகிறோம்” என்று சொல்லும் எல்லாத் தெரப்பி நிலையத்தின் தாளும் செல்லாது. அரசாங்கப் பாரங்களில் மருத்துவ மன்றத்தில் பதிந்த டாக்டரின் உறுதி வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர், செயல்முறைப் பயிற்சியாளர், மருத்துவ உளவியலாளர் போன்றோர் 2016-ஆம் ஆண்டின் 774-ஆவது சட்டப்படி பதிந்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். தரத் தயங்கினால் அடுத்த நிலையத்தைப் பாருங்கள்.

வீட்டில் பேசும் மொழியையும் சொல்ல மறக்காதீர்கள். மதிப்பீடு மலாயிலோ ஆங்கிலத்திலோ நடக்கும். தமிழில் ‘பந்து’ என்று தெரிந்த பிள்ளை ‘போலா எங்கே’ என்றால் முழிக்கும், அது குறிப்பில் ‘தெரியவில்லை’ என்று ஏறிவிடும். கூடவே உட்கார்ந்து, “வீட்டில் இதைத் தமிழில் சொல்வான்” என்று எடுத்துச் சொல்லலாம், தப்பில்லை. தமிழை நிறுத்திவிட்டு ஒரே மொழியில் பேசுங்கள் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ வருவதில்லை. ஆத்தாவோடும் தாத்தாவோடும் பேச இருக்கும் ஒரே மொழியைப் பிடுங்கினால் பேசும் வாய்ப்புதான் குறையும்.

3. ஓகேயூ கார்டு

டாக்டர் முடிவு சொன்ன அன்றைக்கே கார்டுக்கான பாரத்தை நீட்டுங்கள். வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறோம் என்றால் அந்தக் கையெழுத்துக்காக மறுபடி ஓர் அப்பாய்ன்மெண்ட் எடுக்க வேண்டிவரும். பாரத்தை ஜே.கே.எம். மாவட்ட அலுவலகத்தில் வாங்கலாம், அதன் இணையதளத்திலும் எடுக்கலாம். ஸ்மோக்கு என்ற அமைப்பில் இணையம் வழியாகவும் விண்ணப்பிக்கலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. “முடித்துக் கொடுக்கிறோம்” என்று காசு கேட்பவர் யாராக இருந்தாலும் நகர்ந்துவிடுங்கள்.

வேண்டியவை:
- டாக்டர் நிரப்பிக் கையெழுத்தும் முத்திரையும் போட்ட பாரம்
- பிறப்புப் பத்திரம், மைகிட் நகல்
- பெற்றோரின் அடையாள அட்டை நகல்
- பாஸ்போர்ட் அளவுப் படம்

முத்திரையில் டாக்டரின் பெயரும் பதிவு எண்ணும் தெளிவாகத் தெரிகிறதா என்று அங்கேயே பாருங்கள். மங்கலான முத்திரை ஒன்றே பாரம் திரும்பி வரப் போதும்.

பிரிவுகள் ஏழு: செவி, பார்வை, பேச்சு, உடல், கற்றல் பிரச்சினை, மனம், பல்வகை. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி. (கவனச் சிதறலும் அடங்காத துறுதுறுப்பும்), டவுன் சிண்ட்ரோம், டிஸ்லெக்சியா (எழுத்து வாசிக்கத் திணறுவது), அறிவுத்திறன் குறைபாடு எல்லாம் கற்றல் பிரச்சினைப் பிரிவில் வரும். பாரத்தில் ‘மெந்தால்’ என்று இருக்கும் மனம் பிரிவு நீண்ட நாள் மனநல சிகிச்சையில் இருப்பவர்களுக்கானது. ‘மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டதுதானே’ என்று அதைக் குறித்துவிட்டால் பள்ளிச் சேர்க்கையில் குழப்பம் வரும்.

நம் ஆட்களுக்கே உரிய தொல்லை ஒன்று இருக்கிறது: பெயர். பிறப்புப் பத்திரத்தில் ஏ/எல் உண்டு, மருத்துவமனை அட்டையில் இல்லை. அப்பா பெயரில் ஓரிடத்தில் ஒரு எழுத்து கூட, இன்னோரிடத்தில் குறைய. மருத்துவ அறிக்கை மைகிட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்று மருத்துவமனைக் கவுண்டரில் முதல் நாளே சொல்லித் திருத்திக்கொள்ளுங்கள். அறிக்கை அச்சாகி வந்தபிறகு திருத்துவது பெரும்பாடு.

மைகிட்டே இல்லாத பிள்ளை என்றால் முதல் வேலை பதிவு இலாகாவில். இங்கே ஒரு சின்ன எச்சரிக்கை: பதிவு இலாகாவையும் ஜே.பி.என். என்பார்கள், மாநிலக் கல்வி இலாகாவையும் ஜே.பி.என். என்பார்கள். “ஜே.பி.என்.-க்குப் போங்கள்” என்று யாராவது சொன்னால் எது என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

கார்டு எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்தியதாகிவிடும், நாளைக்கு வேலை கிடைக்குமா, கல்யாணம் ஆகுமா என்று தயங்குகிறவர்கள் நிறைய. 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு விருப்பத்தின்பேரில்தான், யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் கார்டு இல்லாமல் கீழே வரும் பணச் சலுகைகளில் பெரும்பகுதி கிடைக்காது. லேசான டிஸ்லெக்சியா என்றால் யோசிக்க இடமுண்டு. தினமும் கூடவே ஆள் தேவைப்படும் பிள்ளை என்றால் தயங்கக் காரணமே இல்லை.

4. பள்ளி

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, தனியான சிறப்புக் கல்விப் பள்ளி. இவை பெரும்பாலும் செவி, பார்வைக் குறையுள்ளோருக்கு. தஞ்சோங் பூங்காவில் செவிக்குறையுள்ள மாணவருக்கான இடைநிலைப் பள்ளி இருக்கிறது. இரண்டாவது பி.பி.கே.ஐ.: சாதாரணப் பள்ளிக்குள்ளேயே தனி வகுப்பு. கற்றல் பிரச்சினையுள்ள பிள்ளைகளில் அதிகம் பேர் இங்கேதான். மூன்றாவது இன்க்லூசிவ் முறை: பிள்ளை சாதாரண வகுப்பில் முழு நேரமோ சில பாடங்களுக்கோ உட்காரும், சிறப்புக் கல்வி ஆசிரியர் துணைக்கு இருப்பார்.

விண்ணப்பப் பாரத்தின் பெயர் பிகே 01. மாவட்டக் கல்வி அலுவலகத்தில், அதாவது பி.பி.டி.-யில், சிறப்புக் கல்விப் பிரிவு என்று கேளுங்கள். பினாங்கில் பி.பி.டி. ஐந்து: தீவில் தீமோர் லாவோட், பாராட் டாயா. பெருநிலத்தில் செபராங் பிறை உத்தாரா, தெங்ஙா, செலாத்தான். உங்கள் வீட்டு முகவரி எதற்குள் வருகிறதோ அதற்கே போக வேண்டும். பக்கத்துப் பள்ளி வேறு மாவட்டமாக இருந்தால் அதை அப்போதே சொல்லுங்கள்.

பாரத்தில் மருத்துவ உறுதிக்கென்று ஒரு பகுதி உண்டு. ஓகேயூ பாரத்தில் டாக்டர் போட்ட கையெழுத்து இதற்குச் செல்லாது. இரண்டு பாரத்தையும் ஒரே நாளில் டாக்டரிடம் கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். பிறப்புப் பத்திரம், மைகிட், பெற்றோர் அடையாள அட்டை, மருத்துவ அறிக்கை, படம், இருந்தால் ஓகேயூ கார்டு நகல், எல்லாவற்றையும் இணையுங்கள். கார்டு இன்னும் வரவில்லை என்றால் விண்ணப்பித்த ரசீதைக் காட்டுங்கள். கார்டுக்காகப் பள்ளி விண்ணப்பத்தை நிறுத்தி வைக்க வேண்டாம்.

எப்போது? 2026 முதல் பள்ளி ஆண்டு மறுபடியும் ஜனவரிக்கு வந்துவிட்டது. அதற்கு முந்திய ஆண்டின் முதல் பாதியிலேயே பாரத்தைக் கொடுத்துவிடப் பாருங்கள். நவம்பரில் ஓடினால் பக்கத்துப் பள்ளி நிரம்பியிருக்கும், தூரத்துப் பள்ளிதான் மிஞ்சும். பிறகு தினமும் யார் ஏற்றி இறக்குவது என்பது தனிப் போராட்டம். எல்லாப் பள்ளி வேன்காரரும் இந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொள்வதில்லை. இன்னொன்று: இணையத்தில் சாதாரண முதலாம் ஆண்டுப் பதிவைச் செய்துவிட்டால் பி.பி.கே.ஐ.-க்கும் விண்ணப்பித்ததாகாது.

தமிழ்ப்பள்ளியில் சேர்க்க முடியுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் உண்டு, ஆனால் பி.பி.கே.ஐ. வகுப்பு உள்ளவை மிகச் சில. அவற்றின் பட்டியலை பி.பி.டி.-யிடம் கேட்டு வாங்குங்கள். கிடைக்காவிட்டால் தேசியப்பள்ளியின் பி.பி.கே.ஐ.-தான், பாடம் மலாயில். லேசான சிக்கலுள்ள பிள்ளை என்றால் பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் சாதாரண வகுப்பில் இன்க்லூசிவ் முறையில் உட்கார முடியுமா என்று தலைமையாசிரியரிடம் நேரில் பேசிப் பாருங்கள்.

“இடமில்லை, இந்தப் பிள்ளையை எங்களால் பார்க்க முடியாது” என்று பள்ளியில் வாய்வார்த்தையாகச் சொன்னால் அதோடு திரும்பிவிடாதீர்கள். எந்தச் சிறப்புத் தேவையுள்ள பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை 2019 முதல் நடப்பில் இருக்கிறது. எந்தப் பள்ளி என்று தீர்மானிப்பது கல்வி இலாகா. மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் நாள், நேரம், பேசியவரின் பதவி ஆகியவற்றைக் குறித்து பி.பி.டி.-க்கு நீங்களே கடிதம் எழுதுங்கள். நகலில் ‘பெறப்பட்டது’ முத்திரை வாங்க மறக்காதீர்கள்.

5. மூன்று மாதத் தகுதிகாண் காலம்

சேர்ந்ததும் இடம் உறுதி என்று நினைக்க வேண்டாம். மூன்று மாதத்துக்கு மிகாமல் பிள்ளையைக் கவனித்து, இந்த வகுப்பு பொருந்துமா என்று அறிக்கை எழுதுவார்கள். எழுத்தும் எண்ணும் அப்போது பெரிய விஷயமில்லை. கழிப்பறைக்குத் தானாகப் போகிறதா, சாப்பாட்டைத் தானாகச் சாப்பிடுகிறதா, மற்ற பிள்ளைகளை அடிக்கிறதா, வகுப்பை விட்டு ஓடுகிறதா, இவற்றைத்தான் பார்ப்பார்கள்.

ஆறு மாதம் முன்பே வீட்டில் பழக்குங்கள். லேஸ் வைத்த காலணி வேண்டாம், ஒட்டும் பட்டை வைத்தது வாங்குங்கள். சிலுவாருக்கு பட்டனும் ஜிப்பும் வேண்டாம், இலாஸ்டிக் போதும். பிள்ளையே திறக்கக்கூடிய சாப்பாட்டு டப்பாவாகப் பாருங்கள். சோற்றை இறுக்கி மூடி அனுப்பினால் பிள்ளை பட்டினியோடு திரும்பி வரும். ஆசிரியர் மலாய்க்காரராக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் சில சொற்களைப் பழக்கிவிடுங்கள்: தண்டாஸ், ஆயர், சாக்கிட், தாக் நாக். பேச்சே வராத பிள்ளை என்றால் இந்த நான்குக்கும் சிறு படம் வரைந்து லேமினேட் செய்து கழுத்து அட்டையில் மாட்டி, முதல் நாளே ஆசிரியரிடமும் மாணவர் பராமரிப்பு உதவியாளரிடமும் காட்டுங்கள்.

காக்காய் வலிப்பு, ஒவ்வாமை, மருந்து வேளை எல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும். ‘சொன்னால் சேர்க்க மாட்டார்கள்’ என்று மறைப்பது ஆபத்து.

6. தனிக் கல்வித் திட்டம்

ஆர்.பி.ஐ. என்று சொல்வார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஆசிரியர் தயாரிப்பது, பெற்றோரும் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவது. கையெழுத்துக்கு மட்டும் கூப்பிட்டால் ஒரு நாள் அவகாசம் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து படியுங்கள். ‘கைத்திறன் மேம்படும்’ என்று எழுதியிருந்தால் வருஷ முடிவில் மேம்பட்டதா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ‘பென்சிலை மூன்று விரலால் பிடித்துத் தன் பெயரைப் பார்த்து எழுதுவான், பத்து முறையில் ஏழு முறை’ என்று மாற்றச் சொல்லுங்கள். ஆசிரியரும் பெரும்பாலும் சந்தோஷமாகவே மாற்றுவார். மருத்துவமனையில் தெரப்பிஸ்ட் கொடுத்த வீட்டுப் பயிற்சித் தாளின் நகலையும் ஆசிரியரிடம் கொடுங்கள். அதை அவருக்கு வேறு யாரும் அனுப்பப் போவதில்லை.

சாதாரண வகுப்பிலிருந்து பொதுத் தேர்வு எழுதும் பிள்ளைக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் உண்டு. பள்ளி மூலமாக, மருத்துவச் சான்றோடு, முன்கூட்டியே கேட்க வேண்டும். தேர்வு ஆண்டின் தொடக்கத்திலேயே பள்ளியில் ஞாபகப்படுத்துங்கள்.

7. பணம்

பள்ளி உதவித்தொகை: அரசாங்க, அரசாங்க உதவிபெறும் பள்ளிகளில் பதிந்த சிறப்புத் தேவை மாணவருக்கு மாதம் 150 வெள்ளி. மாதாமாதம் கச்சிதமாக வராது, சேர்த்து வைத்துப் போடுவதுண்டு. அதை நம்பித் தெரப்பிக்கு நாள் குறிக்காதீர்கள். வங்கிக் கணக்கு விவரத்தைச் சேர்ந்த வாரமே பள்ளி ஆபிசில் கொடுங்கள்.

மருத்துவமனை: கார்டைக் காட்டினால் அரசாங்கச் சிகிச்சைக் கட்டணத்தில் விலக்கு உண்டு. சக்கர நாற்காலி, செவிக்கருவி போன்றவற்றுக்கு வசதி குறைந்த குடும்பங்கள் ஜே.கே.எம்.-இல் விண்ணப்பிக்கலாம். வாங்கிவிட்டுப் போய் ரசீதைக் காட்டினால் வேலைக்காகாது, முதலில் அனுமதி. படுக்கையிலேயே இருக்கும் பிள்ளையைப் பராமரிப்பவருக்கு மாத உதவி தனியாக உண்டு, குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருவார்கள். பள்ளிக்குப் போக முடியாத பிள்ளைக்கு ஜே.கே.எம்.-இன் பி.டி.கே. (சமூக மறுவாழ்வு) நிலையம் ஒன்று பக்கத்தில் இருக்கிறதா என்றும் அதே கவுண்டரில் கேளுங்கள்.

வருமான வரி: சம்பளத்தில் வரி கட்டுகிறவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். ஜே.கே.எம்.-இல் பதிந்த பிள்ளைக்கான கழிவு 2025 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து 8,000 வெள்ளி, அதற்கு முன் 6,000. கற்றல் பிரச்சினையுள்ள 18 வயதுக்குட்பட்ட பிள்ளையின் மதிப்பீடு, ஆரம்பகாலப் பயிற்சி, மறுவாழ்வுச் சிகிச்சைக்கு 6,000 வரை, முன்பு 4,000. இந்த 6,000 தனியாக நிற்பதில்லை, மருத்துவச் செலவுக்கான 10,000 வரம்புக்குள் அடங்கும். அதே ஆண்டில் வீட்டில் வேறு யாருக்காவது கடுமையான நோய்ச் செலவு இருந்தால் கூட்டிப் பாருங்கள்.

பதிவில்லாத பயிற்சியாளரின் ரசீது இந்தக் கழிவுக்கு உதவாது. ரசீதில் பிள்ளையின் பெயர், தேதி, என்ன சிகிச்சை, கொடுத்தவரின் பதிவு எண் நான்கும் இருக்க வேண்டும். “தெரப்பி, 4 முறை, 480 வெள்ளி” என்று கார்பன் தாளில் கிறுக்கித் தருவதை வாங்கிக்கொள்ளாதீர்கள். பிள்ளைக் கழிவைக் கணவனோ மனைவியோ ஒருவர்தான் எடுக்க முடியும், அதிக வரி கட்டுகிறவர் பெயரில் போடுங்கள். வெப்பத்தில் அச்சாகும் ரசீது ஒரு வருஷத்திலேயே வெளுத்துவிடும், வரி வாரியமோ ஏழு வருஷம் வைத்திருக்கச் சொல்கிறது. வாங்கிய அன்றே நகலெடுங்கள்.

8. வீடு மாறினால்

பட்டர்வொர்த்திலிருந்து ஆயர் ஈத்தாமுக்கு மாறினாலும் சரி, கோலாலம்பூருக்கு மாறினாலும் சரி, மூன்று கதவையும் மறுபடி தனித்தனியாகத் தட்ட வேண்டும். பள்ளி மாற்றத்தைப் பழைய பள்ளியில் தொடங்கி, ஆர்.பி.ஐ. நகலைக் கையோடு வாங்குங்கள். மருத்துவமனையில் புதிய இடத்துக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள், இல்லாவிட்டால் அங்கே வரிசையின் கடைசியிலிருந்து தொடங்க வேண்டிவரும். ஜே.கே.எம்.-இல் முகவரியை மாற்றுங்கள். கோலாலம்பூரில் பி.பி.டி. மூன்று: கெராமாட், செந்தூல், பங்சார்-பூடு. வாடகை வீட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன், அந்த வட்டாரத்தில் பி.பி.கே.ஐ. இடம் இருக்கிறதா என்று அந்த பி.பி.டி.-க்குப் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.